மூன்று ஃபிரேம்களும் ஓர் ஈரக் கையும்

சின்னவளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் அவள் வாய் திறப்பதில்லை. அவளுக்குப் பதிலாகப் பேச மாமா இருந்தார். மாமா என்றால் அக்காவின் கணவர்.

“ஃபோனைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. அதுதான் வேலை” என்பார்.

“அட, எங்க வீட்டுலயும் எல்லாரும் அதே வேலைதான் பாக்கறாங்க. சம்பளம்தான் வரமாட்டேங்குது” என்பார் கேட்டவர்.

இதை எத்தனை பேர் சொன்னாலும் மாமா அன்றைக்குத்தான் கேட்பது போலக் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். சின்னவள் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

மாமா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. மாமா வேலை பார்த்த தொழிற்சாலையில் விலை உயர்ந்த ஃபோன்கள் தயாராயின. புது ஃபோன் ஒன்று கடைக்குப் போவதற்கு வெகு முன்பே அதன் ஃபிரேமை, அதாவது திரைக்கும் முதுகுக்கும் நடுவே ஓரத்தைச் சுற்றி ஓடுகிற உலோகச் சட்டத்தை, எந்த உலோகத்தில் செய்வது என்று முடிவு கட்ட வேண்டும். அதற்காக அடுத்தடுத்து இரண்டு அறைகள் இருந்தன. ஒன்றில் ஓர் இயந்திரம் நாள் முழுக்க ஃபோனைக் கீழே போட்டுக்கொண்டிருக்கும். மற்றதில் மனிதர்கள் ஃபோனைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

“அவங்க விடறாங்க, நாம பிடிக்கறோம். ரெண்டுக்கும் சம்பளம் குடுக்கறான் பாரு, அவன் மகராசன்” என்று பேக்கரிக்காரம்மா சொல்வாள். அவள் காலையில் பேக்கரியில் மாவு பிசைந்துவிட்டு மத்தியானம் இங்கே வருபவள். அவளுடைய கை காய்த்துப்போன பெரிய கை. தொழிற்சாலைக்கு எல்லா விதமான கைகளும் வேண்டியிருந்தன. சின்னக் கை ஒன்று குறைகிறது என்று பேச்சு வந்தபோது, “எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு” என்று மாமாதான் கையோடு சின்னவளைக் கூட்டிவந்து கடைசி நாற்காலியில் உட்கார வைத்தார்.

நீண்ட மேசை. அதன் நடுவே குறுக்காகத் தொங்கும் கறுப்புத் திரை. திரைக்கு அடியில் கையை நீட்டினால் அந்தப் பக்கம் இருக்கும் மேடம் கையில் ஒரு ஃபோனை வைப்பார். கண்ணால் பார்க்கக் கூடாது. பார்த்தால் பளபளப்பு ஆளை மயக்கிவிடுமாம். கை மட்டும்தான் பேச வேண்டும். ஜில்லென்று இருக்கிறதா, கனக்கிறதா, ஓரம் உறுத்துகிறதா, வழுக்குகிறதா, கடைசியில், இது விலை கொடுத்து வாங்கும் பொருள் மாதிரி இருக்கிறதா என்று மேடம் ஒவ்வொன்றாகக் கேட்பார். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட வேண்டும்.

வாய் பேசாத சின்னவளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உலகத்தில் இருந்திருக்காது. ஒரே ஒரு சங்கடம்தான். அவளுக்கு உள்ளங்கை வியர்க்கும்.

கொஞ்ச நஞ்சம் இல்லை. குளிர்காலத்திலும் வியர்க்கும். யாராவது அவளைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் போதும், குழாயைத் திறந்துவிட்டது போல ஊறும். பள்ளியில் பரீட்சைத் தாள் நனைந்து மை கரைந்து, வாத்தியார் அதைத் தூக்கிப் பிடித்து, “இது விடையா, விளக்கெண்ணெயா?” என்று வகுப்பு முழுவதற்கும் காட்டினார். எட்டாவதோடு அவள் படிப்பு நின்றதற்கு வீட்டில் ஆயிரம் காரணம் சொன்னார்கள். அவளைக் கேட்டால் இந்த ஒன்றைத்தான் சொல்லியிருப்பாள். அதன்பிறகு தையல் கடையில் வெள்ளைத் துணியெல்லாம் விரல் விரலாகப் பழுப்பேறியது. புகைப்படம் பிரிண்ட் போடும் கடையில் கல்யாண மாப்பிள்ளை முகத்தின் மேல் இவளுடைய கைரேகை விழுந்தது. இரண்டு இடத்திலும் அவர்கள் ஒன்றும் சொல்வதற்கு முன்பே இவளாகவே நின்றுகொண்டாள்.

கல்யாணமான புதிதில் கணவர் ஆசையாகக் கையைப் பிடித்தார். “கை கழுவிட்டு வந்தியா?” என்றார். “ஆமா” என்றாள். மறுநாளும் பிடித்தார், மறுநாளும் ஆமாம். லிஃப்ட் ரிப்பேர் செய்கிற அவர், சாயங்காலம் வரை கையில் கிரீஸோடு திரிகிறவர், பெண்டாட்டி இவ்வளவு சுத்தமானவள் என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். விஷயம் தெரிந்தபோது ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு, “போனா போகுது, எனக்குத்தானே ஈரம்” என்றார். அவருக்குத் தெரியும். அவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. கூடப் பிறந்த அக்காவுக்கே அரைகுறையாகத்தான் தெரியும்.

பிடிக்கும் அறைக்குள் நுழையும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைக்க வேண்டும். மோதிரம், வளையல், கிரீம், எண்ணெய், சென்ட் எதுவும் கூடாது என்று குழாயடியில் எழுதி மாட்டியிருந்தார்கள். முதல் நாள் சின்னவள் ஒன்றுக்கு இரண்டு முறை துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். திரைக்கு அடியில் மேடம் வைத்த முதல் ஃபோனே விரலுக்கு நடுவே மீன் மாதிரி நழுவியது. முட்டியை இடுக்கி மடியில் பிடித்துக்கொண்டாள். திரை இருந்ததால் யாரும் பார்க்கவில்லை. ஆனால் தினமும் இப்படித் தப்பிக்க முடியாது. பக்கத்து அறைக்காரர்கள் போடுவதற்குத்தான் சம்பளம் வாங்குகிறார்கள், இவள் இல்லை.

மறுநாள் கைப்பையில் முகப் பவுடர் வந்தது. கை கழுவி, துடைத்து, சுற்றுமுற்றும் பார்த்து, இரண்டு உள்ளங்கையிலும் நன்றாகத் தேய்த்துத் தட்டிவிட்டாள். தப்பு செய்கிறோம் என்று தோன்றாமல் இல்லை. ஆனால் கிரீம் கூடாது என்றுதானே எழுதியிருக்கிறார்கள், பவுடர் கூடாது என்று எழுதவில்லையே என்று மனசுக்குச் சமாதானம் சொன்னாள். அவள் பயன்படுத்தியது வாசனை இல்லாத பவுடர் என்பதால் யாருக்கும் மூக்கு வேர்க்கவில்லை.

பவுடர் வந்தபின் அவளுக்கு அந்த அறை பிடித்துப்போனது. வாழ்க்கையில் முதல் முறையாகக் கை அவள் சொன்னபடி கேட்டது. சீக்கிரமே உலோகங்களைத் தொட்டவுடன் கண்டுபிடிக்க ஆரம்பித்தாள். அது பெரிய வித்தை இல்லை, அங்கே எல்லாருக்கும் வந்துவிடும். அலுமினியம் தொட்டதும் சுருக்கென்று குளிரும், ஆனால் அடுத்த நிமிடமே கைச்சூட்டோடு சேர்ந்துகொள்ளும், எடையும் தெரியாது. எஃகு கனம். வழவழவென்று, புதுப் பாத்திரக்கடைக்குள் நுழைந்த மாதிரி ஒரு பவிசு. டைட்டானியம் முதலிலிருந்தே அவ்வளவாகக் குளிராது, எஃகை விட லேசு, காய்ந்த கூழாங்கல்லைப் பிடித்தது போல இருக்கும்.

“எஃகு மாமியார், அலுமினியம் நாத்தனார்” என்றாள் பேக்கரிக்காரம்மா.

“அப்ப டைட்டானியம்?” என்று அதிசயமாகச் சின்னவள் வாயைத் திறந்தாள்.

“அது பக்கத்து வீட்டுக்காரி. நல்லவதான், ஆனா நம்மகூட ஒட்டமாட்டா.”

அந்த வருஷம் வரப்போகிற பெரிய ஃபோனுக்குக் கடைசிப் போட்டி இந்த மூன்றுக்கும் இடையில்தான் நடந்தது. டைட்டானியத்தைச் செதுக்குவதற்கு நேரமும் செலவும் அதிகம் என்பதால் அது ஒரு சின்னத் தொகுப்புக்குத்தான் என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள். மிச்சம் எஃகா, அலுமினியமா? டிசைன்காரருக்கு எஃகின் மேல் தீராத காதல். கண்ணாடி மாதிரி மெருகேற்றிய எஃகு. “அலுமினியம் எல்லாரும் வச்சிருக்காங்க. கையில எடுத்தா கனமா, நகை மாதிரி இருக்கணும்” என்பார். கீழே போடும் அறைக்காரர்கள் வேறு மாதிரி சொன்னார்கள். அலுமினிய மூலை விழுந்தால் நசுங்குகிறது, ஆனால் நசுங்குவதில் அடியின் பாதியைத் தானே வாங்கிக்கொள்கிறது. எஃகு நசுங்குவதில்லை, ஆனால் எடை கூடுதலாக இருப்பதால் விழும்போது பலமாக விழுகிறது என்றார்கள். இரண்டு பேச்சுக்கும் நடுவில் பிடிக்கும் அறையின் மார்க்குதான் தராசு முள்.

மாமாவுக்கு இதில் உயிர் இருந்தது. அலுமினியத்துக்குக் கறுப்பு நிறம் ஏற்றும் தொட்டிகளுக்கு அவர்தான் பொறுப்பு. யாராவது அதைப் பூச்சு என்று சொன்னால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். “பெயின்டா அடிக்கறோம்? அது தோலுய்யா!” என்பார். அமிலத் தொட்டியில் ஃபிரேமை முக்கி மின்சாரம் விட்டால் அலுமினியத்தின் மேல் அதுவே கெட்டியான ஒரு தோலை வளர்த்துக்கொள்ளும். அந்தத் தோலில் இருக்கும் பொடித் துளைகளில் சாயம் ஏற்றி, கொதிக்கும் நீரில் போட்டுத் துளைகளை மூடிவிட வேண்டும். சரியாக மூடினால் நகத்தால் கீறினாலும் போகாது. சரியாக மூடாவிட்டால் கறுப்பின் மேல் வெள்ளையாகப் பூத்துவிடும். எஃகு வந்துவிட்டால் தொட்டிகளுக்கு வேலை இல்லை. மாமாவைப் பேக்கிங் பகுதிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது.

“அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டறதுக்கா இவ்வளவு நாள் அமிலத்துல நின்னேன்?” என்று அக்காவிடம் புலம்பினாராம்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் மேடம் எல்லாரையும் கூப்பிட்டார். மேசையின் மேல் பெரிய லென்ஸ். அதற்கு அடியில் ஒரு கறுப்பு அலுமினிய ஃபோன்.

“பாருங்க, யாரும் தொடாதீங்க” என்றார்.

ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். ஃபிரேமும் கண்ணாடியும் சேருகிற இடுக்கில், பொத்தான்களைச் சுற்றி, வெள்ளை வெள்ளையாகப் பொடி.

“பூத்திருக்கு” என்றார் டிசைன்காரர். அவர் வருத்தமாகச் சொல்வது போலத்தான் சொன்னார், ஆனால் குரலில் கொஞ்சம் சர்க்கரை இருந்தது. “கைச்சூடு பட்டதும் பூக்குது. தொட்டியில சரியா மூடல. கடைக்குப் போயிருந்தா மானம் போயிருக்கும்.”

கடைசியாகச் சின்னவள் குனிந்தாள். வெள்ளை, ஃபிரேமின் ஒரு பக்கத்தில்தான் அதிகமாக இருந்தது. அது இடது கைக்காரர்களின் கட்டை விரல் உட்காரும் பக்கம். அந்த அறையில் இடது கைக்காரி அவள் ஒருத்திதான்.

நிமிர்ந்தபோது காது இரண்டும் கொதித்தன. கை ஊற ஆரம்பித்தது. பவுடர் மாவாகக் குழைவது விரலுக்குத் தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டாள்.

“என்னடி, பேயறைஞ்ச மாதிரி ஆயிட்டே?” என்றாள் பேக்கரிக்காரம்மா.

“ஒண்ணும் இல்ல.”

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சிரிப்பு வந்து புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்து, அவளே தலையில் தட்ட வேண்டியதாயிற்று.

“மூஞ்சிக்குப் போடற பவுடரையா லென்ஸ் வச்சுப் பாத்தாங்க? ஐயோ, என்னால முடியல.”

“சிரிக்காதீங்க. மாமாவுக்கு வேலை மாறிடும்.”

“அப்ப போய்ச் சொல்லிடு.”

“எப்படிச் சொல்றது? கை வேர்க்கும்னு எல்லார் முன்னாடியும் எப்படிச் சொல்றது?”

“வாயாலதான்” என்றார் கணவர்.

மறுநாள் சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனாள், மாமாவிடம் மட்டுமாவது தனியாகச் சொல்லிவிடலாம் என்று. மாமா கூடத்தில் நின்று சுவரை ஆள்காட்டி விரலால் தேய்த்து, விரலை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியின் கைப்பிடியைத் தேய்த்தார். பிறகு ஃபிரிட்ஜின் கதவை.

“காலையிலேர்ந்து இதே கூத்துடி” என்றாள் அக்கா. “சமையல்கட்டுக்கு வந்து மாவு டப்பாவைப் பாத்துட்டு, இது எங்கேர்ந்து உதிர்ந்ததுன்னு கேக்கறார். மாவுங்க அது, கடையில வாங்கினதுன்னேன்.”

“நான் போட்ட தோலு உதிராது” என்றார் மாமா சுவரிடம். “தண்ணி கொதிச்சுதா, கொதிச்சுது. நேரம் வச்சேனா, வச்சேன். எப்படிப் பூக்கும்? சின்னவளே, நீ தொட்டுப் பாத்தியே, உனக்கு எப்படிம்மா இருந்துச்சு?”

“நல்லாத்தான் மாமா இருந்துச்சு” என்றாள். அக்கா காபி கொண்டுவந்தாள். டம்ளர் நழுவும் என்று வேண்டாம் என்றுவிட்டு வந்துவிட்டாள்.

வழியெல்லாம் யோசித்து ஒரு தந்திரம் கண்டுபிடித்தாள். சொல்லாமலே சரிசெய்துவிடலாம். பவுடர் போடுவதை நிறுத்திவிட்டால் வெள்ளை வராது. வெள்ளை வராவிட்டால் மாமா தப்பித்தார். யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இவ்வளவு சுலபமான வழி இருக்கும்போது வாயால் எதற்கு என்று கணவரை மனசுக்குள் கேட்டுக்கொண்டாள்.

மாமா கொடுத்த புதுத் தொகுப்பு ஃபிரேம்கள் வந்தன. சின்னவள் வெறுங்கையோடு உட்கார்ந்தாள். அலுமினியத்தைச் சமாளித்துவிட்டாள், அதன் மேல்பக்கம் மணல் தூவியது போலக் கொஞ்சம் சொரசொரப்பு. டைட்டானியமும் கொஞ்சம் நின்றது. எஃகு வந்தபோது இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கினாள். மார்க் கேட்டால் பழைய மார்க்கையே சொன்னாள், திடீரென்று மாற்றினால் ஏன் என்று கேட்பார்களே.

அன்று மாலை லென்ஸுக்கு அடியில் ஒரு பொட்டு வெள்ளை இல்லை.

சின்னவளுக்கு மூச்சு வந்தது. டிசைன்காரர் கையைத் தட்டினார்.

“பாத்தீங்களா? நான் சொன்னேன்ல? இந்தத் தடவை ஒழுங்கா செஞ்சிருக்காங்க, பூக்கல. அப்ப போன தடவை ஒழுங்கா செய்யலன்னுதானே அர்த்தம்? ஒரு தடவை சரியா வரும், ஒரு தடவை வராதுன்னா, அந்த ஆளை நம்பி எப்படி ஃபோன் விக்கறது?”

சின்னவள் நாற்காலியிலேயே உறைந்து உட்கார்ந்தாள். பிள்ளையார் பிடிக்கப்போன கதையாகிவிட்டது. அவள் நினைத்தது ஒன்று, கை செய்தது வேறு.

அதைவிட மோசம் மறுநாள் வந்தது. மாமாவைப் பிடிக்கும் அறைக்கே வரச்சொன்னார்கள். மேடம், டிசைன்காரர், மேசையின் இந்தப் பக்கம் வழக்கமான கைகள் எல்லாரும் இருந்தார்கள். மாமா சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் கூப்பிட்ட பையனின் தகப்பன் மாதிரி நின்றார். இரண்டு நாளில் ஆளே பாதியாகத் தெரிந்தார்.

“ரெண்டு தொகுப்புக்கும் என்ன வித்தியாசம் செஞ்சீங்க?” என்று மேடம் கேட்டார். அவர் கடுமையாகக் கேட்கவில்லை.

“ஒண்ணும் செய்யல மேடம். ஒரே மாதிரிதான் செஞ்சேன்.” சற்று நிறுத்தினார். “அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன். ஆனா கண்ணால பாத்தோமே, பூத்திருந்துச்சே. வயசாகுது. எங்கயோ நான்தான் கோட்டை விட்டிருக்கேன். என் தப்புன்னே…”

சின்னவள் எழுந்தாள்.

அந்த அறையில் கடைசி நாற்காலி கூப்பிடாமல் எழுந்து யாரும் பார்த்ததில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து டமாரென்று விழுந்தது. எல்லாரும் திரும்பினார்கள். எந்த வார்த்தையை முதலில் இழுப்பது என்று தெரியவில்லை. வார்த்தையை விட்டுவிட்டு அவள் கைப்பையைத் திறந்தாள். பவுடரை எடுத்தாள். எல்லார் கண் முன்னாலும் உள்ளங்கையில் கொட்டினாள். அவசரத்தில் நிறையவே கொட்டிவிட்டது. தேய்த்தாள், தட்டினாள். பேக்கரிக்காரம்மா தும்மினாள். புதுத் தொகுப்பிலிருந்து, ஒரு பொட்டு வெள்ளை இல்லாத கறுப்பு ஃபோனை எடுத்து இடது கையில் பிடித்தாள், எப்போதும் பிடிக்கும் நேரம் பிடித்தாள், கட்டை விரலை ஓரத்தில் ஓட்டினாள். லென்ஸுக்கு அடியில் வைத்தாள்.

“இதுவா பாருங்க மேடம்” என்றாள்.

மேடம் குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை. தோள் மட்டும் ஆடியது. அழுகிறாரோ என்று சின்னவள் பயந்துவிட்டாள். நிமிர்ந்தபோது மேடத்தின் முகம் சிரிப்பை அடக்கிச் சிவந்திருந்தது.

“முகப் பவுடர்” என்றார் மேடம் டிசைன்காரரைப் பார்த்து. “நாலு நாளா நாம முகப் பவுடரை ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருந்தோம்.”

“எதுக்கும்மா பவுடர்?” என்றார் டிசைன்காரர்.

சின்னவள் கையைத் துணியில் துடைத்துவிட்டு நீட்டினாள். மேடம் அந்தக் கையைப் பிடித்தார். அதற்குள் அது ஊறியிருந்தது. மேடம் கையை விலக்கவில்லை, ஆனால் புருவம் நெற்றிக்குப் போனது.

“எப்பவும் இப்படித்தானா?”

“யாராவது பாத்தா ரொம்ப.”

“முதல் நாள்லேர்ந்தே பவுடரா?”

“ரெண்டாம் நாள்லேர்ந்து.”

மேடம் பெருமூச்சு விட்டார். சின்னவள் இதுவரை போட்ட மார்க் எல்லாம் குப்பைக்குத்தான் போகும் என்று அவர் சொன்னார். எஃகு வழுக்கவில்லை, பட்டு மாதிரி இருக்கிறது என்று அவள் சொன்னதெல்லாம் பவுடர் சொன்னது, கை சொன்னது இல்லை. கேட்கக் கேட்கச் சின்னவளின் தலை குனிந்துகொண்டே போனது. கைப்பையை மாட்டிக்கொண்டு போய்விட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

“உக்காரும்மா” என்றார் மேடம். “மறுபடி முதல்லேர்ந்து. கையைக் கழுவிட்டு வா. இந்தத் தடவை எனக்கு உன் கை வேணும்.”

திரையை எடுத்துவிட்டார்கள், எல்லாரும் பார்க்க வேண்டுமாம். அதனால் சின்னவளின் கை என்ன கதியானது என்று சொல்ல வேண்டியதில்லை. அலுமினியம் நின்றது. டைட்டானியம் கொஞ்சம் யோசித்துவிட்டு நின்றது. எஃகை மேடம் வைத்த வேகத்தில் அது சோப்புக்கட்டி மாதிரி எகிறி, மேசையின் விளிம்பில் பட்டு, டிசைன்காரரின் காலடியில் போய் விழுந்தது. பக்கத்து அறையிலிருந்து ஓர் ஆள் தலையை நீட்டி, “இங்க போட வேண்டியதை அங்க போடறீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனான். டிசைன்காரர் அதைப் பொறுக்கி எடுத்தார். ஃபிரேமுக்கு ஒன்றும் ஆகவில்லை, பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் அதன் கண்ணாடி முழுக்க வலை பின்னியிருந்தது. அந்தப் பளபளப்பின் மேல் சின்னவளின் ஐந்து விரலும் அச்சடித்த மாதிரி தெரிந்தன.

“இப்படிக் கை எத்தனை பேருக்கு இருக்கப்போகுது?” என்றார் அவர், விடாமல்.

“வெயில் காலத்துல பஸ்ஸுல நின்னு பாருங்க சார்” என்றாள் பேக்கரிக்காரம்மா. “கம்பியைப் பிடிச்ச கை எல்லாம் இந்தக் கைதான்.”

மேடம் அவர் முன்னால் கையை நீட்டினார், குலுக்கச் சொல்வது போல. டிசைன்காரர் தன் கையை முதலில் கால்சட்டையில் இரண்டு தேய் தேய்த்துக்கொண்டார். பிறகுதான் எல்லாரும் பார்ப்பதைப் பார்த்தார். வெளியே போகும்போது கடைசி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, குரலைத் தாழ்த்தி, “அது என்ன பவுடர்?” என்று கேட்டுக்கொண்டு போனார்.

மாமா உள்ளே விட்டிருந்த சட்டையை வெளியே இழுத்துவிட்டுக்கொண்டார். சின்னவளை மட்டும் பார்க்கவில்லை. “நான் தொட்டிக்குப் போகலாமா மேடம்?” என்றார். போனார்.

மெருகேற்றிய எஃகைத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்றும், பெரும்பாலான ஃபோன்கள் கறுப்பு அலுமினியத்தில் வரப்போகின்றன என்றும் அந்த வாரமே பேச்சு வந்தது. குழாயடிப் பலகையில் பவுடரும் கூடாது என்று ஒரு வரி சேர்ந்தது. ஆனால் சின்னவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாமா அவள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அக்காவிடம் கேட்டால், “அவர் பேசறாரு, சாப்பிடறாரு, தூங்கறாரு. உன் பேரை எடுத்தா மட்டும் செவிடாயிடறாரு” என்றாள்.

பிறகு ஒரு மாலை மாமாவும் அக்காவும் வந்தார்கள். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நேராகக் கேட்டார்.

“ஏம்மா, ஊருக்கெல்லாம் சொல்ல வேணாம். என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? சுவரையெல்லாம் தடவிக்கிட்டுத் திரிஞ்சேனே, பாத்துக்கிட்டுத்தானே நின்னே?”

“சொன்னா சிரிப்பீங்கன்னு…”

“சிரிச்சிருப்பேன்தான்” என்றார் மாமா கோபமாக. “சிரிக்காம என்ன பண்றது? ஆனா சிரிச்சுட்டு நிம்மதியா தூங்கியிருப்பேன்ல? என் கையையே நான் சந்தேகப்பட்டுட்டேன்மா. அது தெரியுமா உனக்கு?”

“தெரியும் மாமா” என்றாள் சின்னவள். “நான் என் கையைப் பிறந்ததிலேர்ந்து சந்தேகப்பட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி மாமா கேட்டதில்லை. அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாத முகம். பிறகு சட்டைப் பையிலிருந்து தன் சொந்த ஃபோனை எடுத்தார். கறுப்பு அலுமினிய ஃபிரேம், அவருடைய தொட்டியிலேயே தோல் வளர்த்தது. மூலையில் ஒரு நசுங்கல், ஆனால் கறுப்பு கறுப்பாகவே இருந்தது.

“இந்தா, பிடி.”

“எதுக்கு மாமா?”

“பிடிம்மா. அங்க ஒரு உப்புத்தண்ணி செஞ்சு வச்சிருக்காங்க, வேர்வை மாதிரின்னு பேரு. அதுல முக்கி முக்கிப் பாக்கறாங்க, என் தோலு தாங்குதான்னு. மாதிரி எதுக்கு, அசலே நம்ம வீட்டுல இருக்கும்போது? தினமும் கொஞ்ச நேரம் பிடி. ஒரு வருஷம் கழிச்சுப் பாப்போம், உன் கை ஜெயிக்குதா என் தோலு ஜெயிக்குதான்னு.”

“வேலையை வீட்டுக்கும் கொண்டுவந்துட்டாரா?” என்றாள் அக்கா. “நீங்க ஃபோன் இல்லாம என்ன பண்ணுவீங்க?”

“இங்க வந்து பேசிக்கறேன்” என்றார் மாமா.

கணவர் உள்ளே போய்ச் சிரித்துக்கொண்டிருந்தது சுவரைத் தாண்டிக் கேட்டது. சின்னவள் கையைப் புடவையில் துடைக்கவில்லை. அப்படியே ஃபோனை வாங்கினாள். இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதனால் கை ஊறத்தான் செய்தது. ஃபோன் சுருக்கென்று குளிர்ந்தது, பிறகு கைச்சூட்டுக்கு வந்து அங்கேயே நின்றது. மாமா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பது போல, அவள் கட்டை விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.